தீர்ப்பும் மன்னிப்பும்

1

கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலங்களில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். 2023 ஏப்ரலில் ஒரு நாள், கடைக்காரரின் தங்கை மகன், கொச்சியில் வேலை பார்க்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். மஞ்சள் பனியன் போட்டிருந்தான். அது கேரளா பிளாஸ்டர்ஸ் என்ற கால்பந்து அணியின் நிறம் என்பதை அவன்தான் சொன்னான். கொஞ்சநேரம் வேலை, சம்பளம், வாடகை என்று பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "தப்புத் தீர்ப்பு குடுத்தது ரெஃப்ரி. மன்னிப்புக் கேக்கறது நாங்களா பெரியப்பா? இது எந்த ஊரு ஞாயம்?"

அவன் விளையாடுகிறவன் அல்ல. பணம் கட்டி டிக்கெட் வாங்கி, கூட்டத்தில் நின்று கத்துகிறவன். இருந்தும் 'நாங்கள்' என்றான். ரசிகனின் அசட்டுத்தனம் என்று இதைத் தள்ளிவிடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். விளையாட்டு ரசனையைச் சினிமா ரசனையோடு ஒரே மூட்டையில் கட்டிப் பரணில் போட்டுவிட்டுத்தான் நாம் இலக்கியம் பேச உட்காருகிறோம். ஆனால் அன்று அவன் கேட்டது விளையாட்டைப் பற்றிய கேள்வியாக எனக்குப் படவில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வாய் வராமல் போனதற்கு என் சொந்த வாழ்க்கையில் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அவன் கேட்டதை அதன் விவரங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். விவரங்களைத் தாண்டிக் குதித்துத் தத்துவத்துக்குப் போவது நம் சூழலின் பழைய வியாதி.

2

2023 மார்ச் 3. பெங்களூர் ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக்கில் தோற்றவர் வெளியேற வேண்டிய ஆட்டம். தொண்ணூறு நிமிஷத்தில் இரு தரப்பும் கோல் போடவில்லை. கூடுதல் நேரத்தில், 96-வது நிமிஷத்தில், பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள அணியினர் தடுப்புச் சுவர் அமைக்க முனைந்துகொண்டிருக்கையில், கோல்கீப்பர் தன் இடத்தில் நிலைகொள்வதற்குள், சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் அனுப்பிவிட்டார். நடுவர் கோல் என்றார். கேரள ஆட்டக்காரர்கள் வாதாடினார்கள். பலனில்லை. பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தன் ஆட்களை மைதானத்தைவிட்டு வெளியே அழைத்துக்கொண்டார். அவர்கள் திரும்பி வரவில்லை. ஆட்டம் பெங்களூருக்குப் போயிற்று.

விதி என்ன சொல்கிறது? ஃப்ரீ கிக் கிடைத்த அணி உடனே பந்தை உதைத்துவிடலாம், எதிரணி தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, விசிலும் தேவையில்லை. ஆனால் சுவரைத் தள்ளி நிறுத்துவதற்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டால், அவர் விசில் ஊதிய பிறகே உதைக்கலாம். அன்று நடந்தது இந்த இரண்டில் எது என்பதுதான் வழக்கு. பெங்களூர்க்காரன் முதலாவது என்பான். கொச்சிக்காரன் இரண்டாவது என்பான். திரும்பப் போட்டுப் பார்த்துச் சொல்லும் காணொளி நடுவர் அந்தப் போட்டியில் கிடையாது.

மறுபடி ஆட வேண்டும் என்று கேரளா கேட்டது. மறுக்கப்பட்டது. மார்ச் 31 அன்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு தன் உத்தரவைச் சொன்னது. கிளப்புக்கு நான்கு கோடி ரூபாய் அபராதம். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அபராதம் ஆறு கோடி. பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டங்கள் தடை, ஐந்து லட்சம் அபராதம். அவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் பத்து லட்சம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே இரு தரப்பிலிருந்தும் மன்னிப்பு வந்துவிட்டது. பிறகு செய்த மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கோல் கொடுத்தது சரியா? சரியில்லை என்றால் ஆட்டத்தைவிட்டு வெளியேறலாமா? வெளியேறியது தப்பு என்றால் அதற்குத் தண்டனையாக மன்னிப்பை வாங்கலாமா? டீக்கடைப் பையன் மூன்றையும் ஒன்றாகக் கேட்டான். அதனால்தான் அவன் குரலில் அத்தனை கோபம். சம்மேளனமும் மூன்றையும் ஒன்றாகத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதன் குரலில் அத்தனை அதிகாரம் இருப்பதும் அதனால்தான்.

3

முதல் கேள்வியில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. என் வாதத்துக்கு அது தேவையுமில்லை. தீர்ப்பு தப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

தப்பான தீர்ப்பும் நிற்கத்தான் வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஆட்டம் என்பது முடிகிற ஒன்று. முடியாத ஆட்டம் வழக்காகிவிடும். கால்பந்து விதிகளின் ஐந்தாவது பிரிவு, ஆட்டத்தில் நடந்தவை பற்றி நடுவர் சொல்வது இறுதியானது என்கிறது. அதே பிரிவில் ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. தான் சொன்னது தப்பு என்று நடுவருக்கே தெரிந்தால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்றிக்கொள்ளலாம். தொடங்கிவிட்டால் முடியாது. எத்தனையோ மத நூல்களில் காணக்கிடைக்காத ஒரு விவேகம் இந்த ஏற்பாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. திருத்தத்துக்கு ஒரு காலம் உண்டு. அந்தக் காலம் மிகக் குறுகியது. அது போன பிறகு தப்பு நிலைத்துவிடும்.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் சில வருஷங்கள் வேலை பார்த்திருக்கிறேன். சூளையிலிருந்து வந்த சாமான்களைத் தரம் பிரிப்பது என் வேலை. ஃபியூஸ் கட்டை, கிண்ணம், பொம்மை, எதுவானாலும் விரலால் ஒரு சுண்டு. கணீர் என்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல். சுடுவதற்கு முன்னால் பச்சை மண்ணாக இருக்கையில் கோணலைக் கண்டுபிடித்தால் உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடி மண்ணாக்கிவிடலாம். சுட்ட பிறகு அது மண்ணாவதில்லை. விரிசலோடு அது அதுவாகவே இருக்கும். இதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் மொத்தென்று கேட்டதைக் கணீர் என்று கேட்டதாகச் சொல் என்று எந்த முதலாளியும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டாம் தரம் என்று சீட்டு ஒட்டி விலையைக் குறைத்து விற்பார்கள். சீட்டை மாற்ற மாட்டார்கள்.

'இறுதியானது' என்பதும் 'சரியானது' என்பதும் வேறுவேறு என்பதைத்தான் இவ்வளவு சுற்றி வளைத்துச் சொல்கிறேன். சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நடைமுறையில் ஸ்தாபனங்கள் ஒவ்வொன்றும் இறுதியானதைச் சரியானதாக மாற்றிக்காட்டவே பாடுபடுகின்றன. தீர்ப்பு நிற்கும் என்று சொல்வதோடு நிற்பதில்லை. தீர்ப்பைத் தப்பென்று சொன்னவன் வாய் மூட வேண்டும் என்கின்றன. நடுவரைப் பகிரங்கமாக விமர்சிப்பதே அநேகமாக எல்லாப் போட்டிகளிலும் தண்டனைக்குரிய குற்றம். ரசிகனைப் பித்துப்பிடிக்க வைப்பது தப்பு அல்ல என்பது என் எண்ணம். அவனும் தினமும் தப்புச் செய்கிறவன். தப்பு அவனுக்குப் புதிதல்ல. தப்பு நடக்கவே இல்லை என்கிற பாவனைதான் அவனால் தாங்க முடியாதது.

4

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அவர்கள் பாணிக் கால்பந்தில் இதற்கு நேரான இரண்டு உதாரணங்கள் உண்டு. ஐம்பது வருஷ இடைவெளியில், ஏறக்குறைய ஒரே தப்பு இரண்டு தடவை நடந்தது. அந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கிற அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சிகள்தான். நடுவர்கள் எண்ணிக்கையில் தவறி ஐந்தாவது முயற்சியை அனுமதித்தார்கள். இரண்டு தடவையும் அந்த ஐந்தாவதில்தான் ஜெயித்தார்கள்.

முதலாவது 1940 நவம்பர் 16. கார்னெல், டார்ட்மத்தை 7-3 என்று வென்றது. கார்னெல் அந்தப் பருவத்தில் அதுவரை தோற்காத அணி. படச்சுருளைப் போட்டுப் பார்த்த பிறகு நடுவர் தன் தப்பை ஒப்புக்கொண்டார். ஆனால் முடிவை மாற்ற அவருக்கும் அதிகாரமில்லை, மேலே இருந்தவர்களுக்கும் அதிகாரமில்லை. கார்னெல் தானாக வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. டார்ட்மத் 3-0 என்றுதான் இன்றும் பதிவில் இருக்கிறது. இரண்டாவது 1990 அக்டோபர் 6. கொலராடோ, மிசூரியை 33-31 என்று வென்றது. நடுவர் குழுவை அந்த வட்டாரக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. முடிவு மாறவில்லை. கொலராடோ திருப்பிக் கொடுக்கவுமில்லை. அந்த வருஷத்துத் தேசியப் பட்டத்தில் அதற்குப் பங்கு கிடைத்தது. அதன் பயிற்சியாளர் அந்த விஷயத்துக்காக மனம் வருந்திப் பேசியது 1998-ல்.

இரண்டாவதில் ஒழுங்கு நடவடிக்கை இருந்தது. முதலாவதில் அது தேவைப்படவில்லை. தப்பு நடந்தபின் அதைச் சரிசெய்ய ஸ்தாபனத்துக்குச் சக்தி இல்லாதபோதும், தப்பால் லாபம் அடைந்தவனுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. இதை நாம் யோசிப்பதே இல்லை. நியாயம் பற்றிய நம் பேச்செல்லாம் இழந்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. சகித்துக்கொள்ள வேண்டுமா, வெளியேற வேண்டுமா, கல்லெறிய வேண்டுமா? கிடைத்தவனை யாரும் கேட்பதில்லை.

நம் ஊரிலும் கிடைத்தவன் திருப்பிக் கொடுத்ததுண்டு. 1980 பிப்ரவரியில் பம்பாயில், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இந்தியா 242. இங்கிலாந்து 58-க்கு ஐந்து விக்கெட். பாப் டெய்லர் கீப்பரிடம் காட்ச் கொடுத்ததாக அம்பயர் விரல் உயர்த்தினார். பந்து மட்டையில் படவில்லை என்று நினைத்த இந்தியக் கேப்டன் விசுவநாத், அம்பயரிடம் சொல்லி அவரைத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். போதமும் அவரும் சேர்ந்து 171. இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. விசுவநாத் நல்லவர், பாவம், கேப்டனாக இருக்கத் தெரியாதவர் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. நம் மதிப்பீடுகளின் யோக்கியதை இது.

ரசிகனையும் தப்பவிடக்கூடாது. 2023 அக்டோபர் 7, ஹாங்சூ ஆசிய விளையாட்டு, கபடி இறுதி ஆட்டம். ஈரானும் நாமும் 28-28. கடைசி நிமிஷங்களில் நம் ஆள் யாரையும் தொடாமல் பக்கப் பாத்திக்குள் கால் வைத்துவிட்டார். ஈரான்காரர்களும் அவர் பின்னாலேயே உள்ளே போனார்கள். பழைய விதிப்படி உள்ளே போன எல்லோரும் அவுட். புதிய விதிப்படி பாடிப் போனவர் மட்டும். எந்த விதி என்பதில் நடுவர்கள் முன்னும் பின்னுமாக மாறினார்கள். நம்மவர்கள் உட்கார்ந்தார்கள், அவர்களும் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. முடிவில் 33-29, தங்கம் நமக்கு. அன்று டீக்கடையில் பட்டாசு வெடித்தார்கள். எந்த விதி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டெஹ்ரானில் ஏதோ ஒரு டீக்கடையில் ஒரு பையன், இது எந்த ஊர் நியாயம் என்று தன் பெரியப்பாவிடம் கேட்டிருப்பான்.

ரசிகனின் நீதியுணர்வு பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது அரைகுறையானது. தனக்கு வலிக்கிறபோது மட்டும் விழிக்கிறது. விழித்தால் என்ன ஆகும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் தோட்டம், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். மைதானத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டார்கள்; நடுவர் வெளியேற்றினார்; மாடங்களில் கலவரம் மூண்டது. நெரிசலில் பதினாறு பேர் செத்தார்கள், ஆட்டம் பார்க்க வந்தவர்கள். ஆகவே 'வெளியேறாதே, ஆட்டத்தை முடித்துவிட்டு முறையிடு' என்று ஒரு சம்மேளனம் சொன்னால் அதை வெறும் அதிகாரத்திமிர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆட்டக்காரன் நடுவில் எழுந்து போவது கூட்டத்துக்கு ஒரு சைகை. வுகோமனோவிச்சுக்குத் தடை விதித்ததில் எனக்குப் புகார் இல்லை. நான்கு கோடி அதிகமா குறைவா என்பது கணக்குப்பிள்ளை விவகாரம். 2012 டிசம்பரில் இதே மோகன் பகான், ஈஸ்ட் பெங்காலோடு ஆடியபோது இடைவேளைக்குப் பிறகு களத்துக்கு வர மறுத்தது. அதற்கு இரண்டு வருஷத் தடை போட்டார்கள். அடுத்த மாதமே தடையை எடுத்துவிட்டு இரண்டு கோடி அபராதமாக மாற்றினார்கள். பேரம் பேசத் தெரிந்த விஷயம்தான் அது.

என் புகார் மூன்றாவது கேள்வியில். மன்னிப்புக் கேட்டால் நான்கு கோடி, கேட்காவிட்டால் ஆறு கோடி. அதாவது ஒரு மன்னிப்பின் விலை இரண்டு கோடி ரூபாய். பயிற்சியாளருடையது ஐந்து லட்சம். கேட்டது வெளியேறியதற்கான மன்னிப்பைத்தானே, கோலைத் தப்பென்று நினைத்ததற்கு அல்லவே என்று ஒரு நண்பர் வாதிட்டார். எழுத்தில் உண்மை. ஆனால் நடந்ததில் மன்னிப்பு என்ற சொல்லை உச்சரித்தது ஒரே ஒரு தரப்பு. மறுதரப்பிலிருந்து 'அந்த விநாடியில் இன்னது நடந்தது, இதனால் நடுவர் இப்படி முடிவெடுத்தார், இதில் இன்ன குறை இருந்தது' என்று இரண்டு வரி சேர்ந்து வந்திருந்தால், அந்த மன்னிப்புக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். தனியாக வந்த மன்னிப்பு, தப்பு முழுக்க இந்தப் பக்கம்தான் என்று ஆகிவிடுகிறது. கொச்சிப் பையன் காதில் விழுந்தது அதுதான்.

5

இனி என் விஷயம்.

1987 பொங்கல். எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். ராத்திரி டியூப்லைட் கட்டி, மைக்செட் போட்டு, சுழற்கோப்பைக் கபடி. எனக்கு இருபத்துநான்கு வயது. விதிப் புத்தகம் படித்தவன், எந்த ஊர்ப் பக்கமும் சேராதவன் என்று என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நின்றதில் எனக்கிருந்த பெருமையை இன்று நினைத்தால் கூசுகிறது.

இறுதி ஆட்டம். விழா நடத்தும் ஊரும் பக்கத்து ஊரும். ஒரு புள்ளி வித்தியாசத்தில் விழா ஊர் முன்னால். கடைசிப் பாட்டு. பக்கத்து ஊர்ப் பையன், பதினெட்டு வயது இருக்கும், ஒல்லி. பாடிப் போனான். இரண்டு பேரைத் தொட்டான். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் நாலு பேர் மேலே விழுந்தார்கள். அடியிலிருந்து ஒரு கை ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டது. மூச்சு விடாமல் பாடியிருந்தால் அவர்கள் ஜெயித்தார்கள். பாட்டு அறுந்திருந்தால் தோற்றார்கள்.

கூட்டத்தின் இரைச்சலில் எனக்குப் பாட்டுக் கேட்கவில்லை. கேட்காததால் அறுந்துவிட்டது என்று விசில் ஊதிக் கையைக் காட்டினேன். ஊதிக்கொண்டே கீழே பார்த்தேன். ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். மண்ணில் கன்னம் பதிந்து கிடந்த அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இன்னும் பாடிக்கொண்டிருந்தான். என் விசில் அவன் காதிலும் விழவில்லை போலும்.

கபடியில் ஒரு பாட்டு முடிந்தால் ஐந்து விநாடிக்குள் அடுத்த ஆள் பாடிப் போக வேண்டும். எனக்கு அந்த ஐந்து விநாடி இருந்தது. கடைசிப் பாட்டு என்பதால் அதற்கு மேலேயும் இருந்தது. நான் மாற்றவில்லை. ஏன் என்று முப்பத்தாறு வருஷமாக யோசித்திருக்கிறேன். விழா ஊர்க்காரர்களுக்குப் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அது நிஜமல்ல. அடிக்கிறவர்கள் அல்ல அவர்கள். ஊதிய விசிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவனாக மைக்கின் முன்னால் நிற்க எனக்கு மனசில்லை. அவ்வளவுதான்.

பக்கத்து ஊர் அணி கோப்பை வழங்கும்போது களத்தில் உட்கார்ந்துவிட்டது. விழாக்குழு கூடிப் பேசிற்று. இரண்டு வருஷத்துக்கு அந்த ஊரைச் சேர்ப்பதில்லை. நடுவரை மதிக்காததற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டால் ஒரு வருஷம் குறைக்கலாம். 2023-ல் டீக்கடையில் நாலு கோடி, ஆறு கோடி என்று அந்தப் பையன் சொன்னபோது என் காதில் விழுந்தது இந்தக் கணக்கு.

நான்காம் நாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் பட்டறை வாசலுக்கே வந்தார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். "புள்ளைங்க ஏதோ தெரியாம செஞ்சிட்டாங்க. நீங்க மனசுல வெச்சிக்காதீங்க தம்பி" என்று இரண்டு கையாலும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். 'பரவாயில்லை' என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மோசமான சொல் அது என்று நினைக்கிறேன். தப்பான தீர்ப்பு ஒரு விநாடியின் காரியம். இது நாலு நாள் கழித்து, பகல் வெளிச்சத்தில், யோசித்துச் சொன்னது.

வெகுகாலம் கழித்து, விருத்தாசலம் பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை வியாபாரம் என்றான். அவன்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டு பேசினான். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நானாகச் சொன்னேன். "அன்னிக்கு நீ மூச்சு விடல. நான் பாத்தேன்."

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அத விடுண்ணே. ஆட்டத்துல போறதுதான்" என்றான். இன்னும் கொஞ்சநேரம் கழித்து, "அந்தக் கடுதாசிய எழுதனது நாந்தாண்ணே. டீமுல நான் ஒருத்தந்தான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். நீ எழுதுடான்னுட்டாங்க" என்றான்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

6

தீர்ப்பை அவன் மன்னித்துவிட்டான், அல்லது மறந்துவிட்டான். கோப்பை இருந்த இடமே அவனுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். தன் கையெழுத்தில் தான் எழுதிய பொய்யைத்தான் அவன் சுமந்துகொண்டிருந்தான். தோல்வியை வெளியிலிருந்து ஒருவன் மேல் சுமத்தலாம். மன்னிப்பு அப்படியல்ல. அதை அவன் உள்ளே போய்த் தேடி எடுத்துவர வேண்டும். இல்லாததை எடுத்துவரச் சொல்கிறபோது, அவன் அந்தரங்கத்துக்குள்ளேயே நாம் நடுவராகப் போய் நிற்கிறோம். எந்த விளையாட்டுக்கும் எந்தச் சம்மேளனத்துக்கும் அந்த எல்லைக்கோட்டுக்குள் கால்வைக்க உரிமை இல்லை என்பது என் முடிவு. அபராதம் போடுங்கள், தடை விதியுங்கள், புள்ளியைக் குறையுங்கள். அவையெல்லாம் வெளியே நடப்பவை. மன்னிப்பைத் தண்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது தானாக வரட்டும், இல்லாவிட்டால் வராமலேயே போகட்டும்.

நடுவன் பக்கத்தில் ஒரே ஒரு காரியம் சேர்க்க வேண்டும். தப்பை ஒப்புக்கொள்ள அவனுக்கு இடம் வேண்டும். ஒப்புக்கொண்டால் தலை போகாது என்ற நிச்சயமும் வேண்டும். 1990-ல் போல அவனை இடைநீக்கம் செய்து காட்டுவதால் ரசிகனின் பசி ஆறும். அடுத்த நடுவன் இன்னும் இறுக்கமாக வாய் மூடிக்கொள்வான். அன்று ராத்திரி 'மாற்றிக்கொள்ளலாம் தம்பி, இதில் ஒன்றும் கேவலமில்லை' என்று யாராவது சொல்லியிருந்தால் நான் மாற்றியிருப்பேனா? தெரியவில்லை. மாற்றியிருக்கக்கூடும் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

இதைப் படிக்கிற நாற்பது ஐம்பது பேரில் பாதிக்கு மேல் விமர்சனம் எழுதுகிறவர்கள். நம் கழுத்திலும் விசில் தொங்குகிறது. முதல் தொகுப்பு போட்டவனை ஒரு பாராவில் வெளியேற்றியிருக்கிறோம். பல தடவை பாட்டு நம் காதில் விழாததுதான் காரணம், இரைச்சல் அப்படி. பிறகு ஒரு நாள் தனியாக அந்தப் புத்தகத்தைப் புரட்டுகையில் உதடுகள் அசைவது தெரிந்திருக்கும். அடுத்த இதழில் இரண்டு வரி எழுதியிருக்கிறோமா? 'அப்போதைய என் அபிப்பிராயம் அது' என்று சொல்லித் தப்பித்திருக்கிறோம். ஸ்தாபனங்களைத் திட்டுகிற நாம், ஆளுக்கு ஒரு ஸ்தாபனமாகத்தான் இருந்திருக்கிறோம்.

கொச்சிப் பையன் அடுத்த பொங்கலுக்கு வந்தபோது இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். முழுதும் கேட்டான். "அந்தக் கடுதாசி இருக்கா பெரியப்பா?" என்றான்.

இருக்கிறது. தாள் மஞ்சளாகிவிட்டது. கையெழுத்து நன்றாக இருக்கும்.

"அதத் திருப்பிக் குடுத்திடுங்க" என்றான்.

முந்திரிக்கொட்டை வியாபாரியின் ஊர் எங்களிடமிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.